'வின்னோ' செய்தார்களா, தூற்றினார்களா?

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் நடந்தது. ஒரு நிறுவனத்தின் ஆங்கில ஆண்டறிக்கை, தமிழில் தர வேண்டும். ஆள் எடுத்ததைப் பற்றி அதில் ஒரு வரி: தேர்வுக்குழு 200 விண்ணப்பதாரர்களை 'வின்னோ' (winnow) செய்து ஐந்து பேராக்கியது. அகராதியில் 'தூற்று, புடை' என்று இருந்தது. "குழுவினர் 200 பேரையும் தூற்றி ஐந்து பேரை எடுத்தனர்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மெய்ப்புப் பார்க்கும் அக்கா போன் செய்தார். "ஏம்மா, வேலை கேட்டு வந்தவங்களையா தூற்றுவாங்க? படிக்கிறவங்க வசைபாடினதாத்தானே நினைப்பாங்க?"

அகராதியில் தப்பில்லை. அதுதான் என்னை உறுத்தியது. களத்தில் நிற்கும்வரை இரண்டு மொழியும் ஒன்றையே சொல்கின்றன. காற்றடிக்கும் திசை பார்த்து நின்று, முறத்தைத் தலைக்குமேல் தூக்கி மெல்லச் சரித்தால், மணி கனத்தால் நேரே காலடியில் விழும். பதர் தள்ளிப் போய் விழும். காற்று சீராக வீச வேண்டும். குப்பென்று அடித்தால் மணியும் சேர்ந்து போய்விடும்.

களத்தை விட்டு வெளியே வந்ததும் பாதை பிரிகிறது. ஆங்கிலம் காலடியில் குவிந்த மணியைப் பார்த்தது போலும். அங்கே அந்தச் சொல் பொறுக்கி எடுப்பதற்கும், பொய்யிலிருந்து உண்மையைப் பிரிப்பதற்கும் ஆயிற்று. தமிழோ காற்றில் பறந்ததைப் பார்த்திருக்கிறது. ஒருவர் பெயரை ஊரெல்லாம் பறக்கவிட்டால் அது தூற்றுவது. இது என் ஊகம்தான், ஆனால் வேலையில் எனக்குக் கைகொடுக்கிறது.

இப்போது அந்த வினைக்குப் பின்னால் என்ன ஒட்டி வருகிறது என்று முதலில் பார்ப்பேன். 'வின்னோ அவுட்' என்றால் பதர்மேல் கண். 'களைந்தனர்' என்று போடுவேன். 'வின்னோ டவுன்' என்றால் பெருங்கூட்டம் சிறிதாகிறது. 'வடிகட்டி ஐந்து பேரை எடுத்தனர்' சரியாக வரும். நெல்லோ கோதுமையோ இருந்தால் மட்டும் 'தூற்று'.

*

எனக்கு இதற்கு நேர்மாறான அனுபவம். தானியம் சுத்தம் செய்வதைப் பற்றிய தமிழ்க் கையேட்டை ஆங்கிலத்தில் கொடுக்கச் சொன்னார்கள். ஒரே பக்கத்தில் தூற்றுதல், புடைத்தல், கொழித்தல், நாவுதல், தெள்ளுதல். ஐந்துக்கும் 'வின்னோ' போட்டால் வாசிப்பவருக்கு என்ன விளங்கும்? மேலும் கீழுமாகத் தட்டினால் உமி பறக்கும், அது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துக் கல்லை ஒதுக்குவது நாவுதல். கடைசியில் கையசைவையே ஒவ்வொன்றாக விவரித்து எழுதினேன். தெள்ளுதலும் தெளிவும் ஒரே வேர் என்பதை மட்டும் ஆங்கிலத்துக்குள் கொண்டுபோக முடியவில்லை. இன்றும் அந்த வருத்தம் உண்டு.

*

நான் இயந்திரக் கற்றல், அதாவது தரவிலிருந்து கணினியைக் கற்க வைக்கும் துறை, படித்தபோது இந்தச் சொல்லைச் சந்தித்தேன். 1988-இல் நிக் லிட்டில்ஸ்டோன் என்ற ஆய்வாளர் கொடுத்த ஓர் அல்காரிதத்தின் (கணக்கிடும் வழிமுறையின்) பெயரே 'வின்னோ'. தரவில் நூற்றுக்கணக்கான பண்புகள் இருக்கும், விடையைத் தீர்மானிப்பவை சிலவே. ஒவ்வொரு பண்புக்கும் ஓர் எடை, அதாவது அதன் முக்கியத்துவத்தைக் காட்டும் எண், உண்டு. கணிப்பு தப்பும்போதெல்லாம் இந்த அல்காரிதம் எடைகளைப் பெருக்கியோ வகுத்தோ திருத்தும். தேவையற்ற பண்புகள் எத்தனை கூடினாலும் தவறுகள் கொஞ்சமாகவே கூடும். பொருள் தெரியாமல் சூத்திரத்தை மனப்பாடம் செய்திருந்தேன். பதரும் மணியும் என்று ஒரு பேராசிரியர் விளக்கிய அன்றுதான் பெயர் வைத்தவரின் மனம் புரிந்தது.

*

'வின்னோ' என்ற சொல்லுக்குள்ளேயே காற்று இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'விண்ட்வியன்'; 'விண்ட்' என்ற காற்றிலிருந்து பிறந்த வினை. சன்னலைக் குறிக்கும் 'விண்டோ'வும் அதே குடும்பம்தான்: ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியில் 'விண்டௌகா', காற்றின் கண். இதைப் படித்த அன்று எனக்கு உடனே 'காலதர்' நினைவுக்கு வந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சன்னலுக்கு நம் பழைய பெயர். அவர்கள் கண் என்றார்கள், நாம் வழி என்றோம். அன்று முழுக்க சன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தேன்.