எடை குறைஞ்சு பொறந்த பிள்ளைங்க: உங்க அனுபவம் என்ன?

மஸ்கெலியாக்காரி:
மூத்தவன் எட்டாம் மாசமே பொறந்துட்டான். 1 கிலோ 600. ஆறு நாள்தான் இருந்தான். “தலப்புள்ள, தங்கல”ன்னு மாமி ஒரே சொல்லுல முடிச்சிட்டாங்க. எனக்கு முடியல. கிளினிக் கார்டை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். ரத்தத்துல ஹீமோகுளோபின் 8.4, சிவப்புப் பேனையில வட்டம். இரும்பு மாத்திரையை ஒழுங்காத்தான் முழுங்கினேன், காலையில ரொட்டி, பாலில்லாத சாயத்தண்ணியோட. அந்தத் தேயிலைச் சாயமே இரும்பை ரத்தத்துல சேர விடாதாம். நாம பறிக்கிற கொழுந்துதானே! வயிறு தெரிஞ்ச பிறகும் இடுப்புல படங்குத் துணி கட்டி கொழுந்து பறிக்க மலைக்குப் போனேன், இல்லாட்டி அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். கொழுந்து ஒரு கிலோ குறைஞ்சா கேக்க ஆள் இருந்துச்சு. என் எடை ஏறாம நின்னதை வீட்டுல யாரும் கேக்கல. “நெறைய தின்னா பிள்ளை பெருத்துரும், பெறக் கஷ்டம்”னாங்க.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (தோட்டத்து மருத்துவிச்சி):
மகள், அந்தச் சிவப்பு வட்டம் நானும் எத்தனையோ கார்டுல போட்டவதான். கர்ப்பத்துல ஹீமோகுளோபின் 11 ஆச்சும் இருக்கணும். மாத்திரை போட்டா முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி வேணாம். கல்சியம் பகல்ல, இரும்பு ராவுல, விட்டமின் சீயோட. ஆனா 2.5 கிலோவுக்குக் கீழ எல்லாப் பிள்ளையும் ஒண்ணு இல்ல. மாசம் நிறைஞ்சும் வளராம பொறக்கிறது வேற, 37 வாரத்துக்கு முந்திப் பொறக்கிறது வேற. உங்க பிள்ளைக்கு நுரையீரல் முத்தியிருக்காது. ரத்தக்குறைவு மட்டும் இல்ல, பிரஷர், மூத்திரக் கிருமி, வெத்திலையோட போடுற போயிலை, எதுவும் காரணமா இருந்திருக்கலாம். தாய்க்குக் குடுக்கிற திரிபோஷா சத்துமாவை லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் பங்கு போட்டுத் தின்னுறதைப் பார்த்திருக்கேன். பசிச்ச பிள்ளையை யார் திட்டுறது?

நானுஓயா அப்பா:
எங்க மக 1 கிலோ 900. நேர்ஸ் என் சட்டையைக் கழட்டச் சொன்னாங்க. வெக்கமாப் போச்சு. வெறும் நெஞ்சுல பிள்ளையைக் கவுத்துப் போட்டு, தொப்பி மாட்டி, மேல கம்பளி மூடினாங்க. அவ பாதம் ஐஸ் மாதிரி என் வயித்துல ஒட்டிச்சு. கொஞ்ச நேரத்துல எது என் சூடு, எது அவ சூடுன்னு தெரியல. வீட்டுக்கு வந்தா அப்பாயி வெந்நீர்ச் சட்டியோட குளிப்பாட்ட நிக்கிறாங்க. நான் பிள்ளையைக் குடுக்கவே இல்ல. ஒரு வாரம் என்னோட பேசல.

மஸ்கெலியாக்காரி:
இளையவ 2 கிலோ 750, மிஸ்ஸி. இந்தத் தடவை ராவுல நான் மாத்திரை போடுற வரைக்கும் தேயிலை டப்பாவை ஒளிச்சு வச்சது மாமிதான்.