விளிம்பில் தீட்டிய கறுப்பு மை

ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பழைய பேஸ்பால் அட்டைகளைச் சேகரிப்பவர்கள் உண்டு; அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்த கதை எனக்கும் ஒன்று உண்டு.

நியூ ஜெர்சிக்குக் குடிவந்த புதிதில் அந்த ஆட்டத்தின் விதிகள் எனக்குப் பாதிகூடத் தெரியாது. பழம்பொருள் சந்தை ஒன்றில் செருப்புப் பெட்டிக்குள் கிடந்த 1955ஆம் ஆண்டு பௌமன் நிறுவன அட்டைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஆட்டக்காரரின் படத்தைச் சுற்றி மரத்தாலான டெலிவிஷன் பெட்டி! வீட்டுக்கு வீடு டிவி நுழைந்துகொண்டிருந்த காலத்தை உள்ளங்கை அகல அட்டையில் அடக்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டே பௌமனை டாப்ஸ் நிறுவனம் வாங்கிவிட்டது. அந்த டெலிவிஷன் பெட்டி வடிவமும் அப்போதைக்கு நின்றுபோனது.

பிறகு டாப்ஸ் 1971 வரிசையைப் பார்த்தேன். மொத்தம் 752 அட்டைகள், எல்லாவற்றுக்கும் கறுப்புக் கரை. அதில் ஐந்தாம் எண், நியூயார்க் யாங்கீஸ் அணியின் தர்மன் மன்சன். படம் குறுக்குவாக்கில் இருக்கும். சறுக்கி வரும் எதிரணிக்காரரை மன்சன் மடக்குகிறார், புழுதி எழும்புகிறது. வெள்ளைக் கரைக்குள் அந்தப் புழுதி இவ்வளவு எடுபட்டிருக்காது. இத்தனை அழகான அட்டையை நான் வேறு பார்த்ததில்லை.

ஆனால் அந்தக் கறுப்புதான் தொல்லையும். தாள் வெளுப்பு, மை அதன் மேல்பூச்சு. நாலு கை மாறினாலே ஓரம் உதிர்ந்து வெள்ளை தெரியும். எனவே இணையத்தில் ஒருவர் மாசுமறுவற்ற மன்சனை விற்றபோது, நல்ல விலை கொடுத்து வாங்கிப் பெருமையோடு ஓர் அட்டைக் கண்காட்சிக்கு எடுத்துப்போனேன்.

அங்கே கடை போட்டிருந்த பெரியவர் படத்தைப் பார்க்கவே இல்லை. அட்டையைக் கண்ணுக்கு நேராகக் கிடையாகப் பிடித்து, வெட்டிய விளிம்பை மட்டும் பார்த்தார். அச்சு முகப்பில்தான் விழும்; விளிம்பில் தாளின் சொந்த நிறம்தான் இருக்க வேண்டும். என்னுடையதில் இரண்டு பக்கமும் கறுத்திருந்தன. விளக்கடியில் சாய்த்ததும் அந்த இடங்கள் ஊதாவாக மின்னின. யாரோ மார்க்கர் பேனாவால் தீட்டியிருக்கிறார்கள். காசு போனதைவிட, அந்த அட்டையின் மேல் கைவைக்க மனம் வந்ததே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

பெரியவர் தம் பெட்டியிலிருந்து இன்னொரு மன்சனை எடுத்து நீட்டினார். நான்கு மூலையும் வெளுத்து, நடுவில் ஒரு மடிப்பு. முன்பு கொடுத்ததில் கால்பங்குக்கும் குறைவாகவே கேட்டார். இன்று என் மேசை மேல் இருப்பது அதுதான். மடிப்பு புழுதி வரை போகவில்லை.

தீட்டிய அட்டையை நான் விற்கவில்லை. அதன் உறைமேல் ‘விளிம்பில் மை பூசப்பட்டது’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு யார் கைக்குப் போனாலும் தெரியட்டும்.