இரவு ஏழு மணிக்குப் பிறகு இன்டர்நெட் ஏன் இழுபடுகிறது?

விசுவமடுவான்:
எங்கள் வீட்டில் சிம் போட்ட 4ஜி ரவுட்டர். விடிய ஐந்து மணிக்கு வேகத்தைச் சோதித்தால் 25 எம்பிபிஎஸ் வருகிறது, இரவு ஏழு மணிக்குப் பிறகு 3கூட இல்லை, மகளின் உயர்தர வகுப்பு அந்த நேரத்தில்தான் ஒன்லைனில் நடக்கிறது, சேரின் குரல் பாதியில் நின்றுவிடுகிறது. பெரிய பக்கேஜுக்கு மாறினால் சரிவருமா? கிளிநொச்சி டவுனில் தங்கச்சி வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர், டவுன்லோட் போட்டால் 12தான் காட்டுகிறதாம். அதுவும் விளங்கவில்லை.

குளத்தடி:
அண்ணை, பக்கேஜுக்கு இப்போதைக்குக் காசு கட்ட வேண்டாம். ஒரு டவரில் இருக்கும் வேகத்தை அதில் இணைந்த எல்லாரும் பங்குபோட்டுத்தான் எடுக்கிறோம், வாய்க்காலில் எல்லா மடையும் ஒரே நேரத்தில் திறந்தால் ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் குறைகிறதுதானே. விடிய ஊர் நித்திரை, அதனால்தான் 25. சிக்னல் மெலிந்த வீட்டுக்கு அதிலும் குறையும், ஏனென்றால் பிழை வராமல் இருக்க டவர் அந்த ரவுட்டரோடு மெதுவாகத்தான் பேசும். ரவுட்டரின் செட்டிங்ஸில் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் இருக்கும், டவர் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்று காட்டுவது: மைனஸ் 85 என்றால் நல்லது, மைனஸ் 110 என்றால் மோசம். தகரக் கூரை அலையை மறிக்கும். உள்ளறையில் வைத்திருந்தால் டவர் பக்கத்து யன்னலுக்கு மாற்றிப் பாருங்கள்.

மாங்குளம்_வயர்:
தங்கச்சிக்குக் குறை ஒன்றும் இல்லை. எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, டவுன்லோடில் காட்டுவது பைட். 8 பிட் ஒரு பைட், 100ஐ 8ஆல் பிரித்தால் 12.5.

உங்கள் வீட்டில் லப்டொப்பை வயரில் கொழுவி ஒருதடவை சோதியுங்கள். வயரிலும் 3 என்றால் டவருக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான் பிரச்சினை. வயரில் நன்றாக வந்து போனில் மட்டும் விழுந்தால் வைஃபை. வைஃபையின் அலைவரிசைகளில் 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும் ஆனால் மெது, 5 கிகாஹேர்ட்ஸ் வேகம் ஆனால் இரண்டு சுவரிலேயே களைத்துவிடும்.

விசுவமடுவான்:
வயரிலும் 3தான். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 112 இருந்தது, முன் யன்னலில் வைத்ததும் மைனஸ் 99. நேற்று இரவு 8 எம்பிபிஎஸ் வந்தது, வகுப்பு ஒருதடவையும் நிற்கவில்லை! மிச்சத்துக்கு வெளி அன்ரனா போடலாமா?

குளத்தடி:
போடலாம், ரவுட்டரின் பின்பக்கம் அதற்கான சொக்கெற் இருந்தால். கேபிளை மட்டும் கட்டையாக எடுங்கள், நீண்டால் பிடித்த சிக்னல் கேபிளிலேயே தேய்ந்துவிடும். ஆனால் இரவு நெரிசல் டவரில் இருக்கிற வரை விடிய வரும் 25ஐ எதிர்பார்க்க வேண்டாம்.