1967 மோரிஸ் மைனருக்கு எல்இடி ஹெட்லைட் போடலாமா?

ஜெலுத்தோங் மைனர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் நான்கு கதவு மோரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வைத்திருந்த காடி. இஞ்சின், பிரேக் எல்லாம் சுத்தம். வயரிங் மட்டும் அந்தக் காலத்தில் போட்டபடியே இருக்கிறது: பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை காடியின் உடலோடு சேர்ந்தது), டைனமோ. ஹெட்லைட்டில் பெரியவரே எச்4 வகை ஹாலஜன் பல்புக்கான கண்ணாடியும், ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட் எரியும் பல்பும் மாட்டியிருக்கிறார்.

மாமியார் வீடு பினாங்கில், பாலிக் புலாவில். இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு துன் சார்டோன் மலைச் சாலையில் இறங்கினால் வளைவுக்கு வளைவு இருட்டுதான். மழை பெய்துவிட்டால் நடுக்கோடே தெரிவதில்லை. பின்னால் ஏதாவது மைவி காடி வந்தால் அதன் வெளிச்சத்தை நம்பி ஓட்டுகிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்னலில் நின்றால் இருக்கிற வெளிச்சமும் மங்கிச் சிவந்துவிடுகிறது.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எச்4 எல்இடி பல்ப் வாங்கி மாட்டு, அரை மணி நேர வேலை என்கிறார் ஃபோர்மேன். ஜீப்புக்குப் போடுகிற ஏழு இஞ்ச் எல்இடியை முழு லைட்டாகவே மாற்று என்கிறார் நண்பர். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போடாமல் எதையும் தொடாதே என்கிறார் ஒரு கடைக்காரர். காடியின் முகம் மாறக்கூடாது, மலையில் வழி தெரிய வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கெப்போங் 120ஒய்:

பிரதர், யோசிக்கவே வேண்டாம். என் டட்சனுக்கு ஆன்லைனில் ஏழு இஞ்ச் எல்இடி வாங்கி நானே மாட்டினேன். பழையதைக் கழற்று, புதியதைச் சொருகு, முடிந்தது. வெளிச்சம் சும்மா அள்ளுகிறது. ஹை பீம் போடாதபோதும் டாஷ்போர்டில் நீல விளக்கு லேசாக எரியும், அதெல்லாம் ஒரு குறையே இல்லை. எதிரில் வருகிறவர்கள்கூட லைட் அடித்துவிட்டுப் போகிறார்கள். பழைய காடி என்றால் எல்லோருக்கும் ஆசைதான் போலிருக்கிறது.

செந்தூல் பட்டறை:

கெப்போங் தம்பி, அவர்கள் ஆசையில் அடிக்கவில்லை, கண் கூசி அடிக்கிறார்கள். லைட் கண்ணாடியில் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். நம்மைப் போல இடது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கென்று முறையாகச் செய்த லைட்டில், எதிரில் நின்று பார்க்கிறவரின் வலப்பக்கம் காட்டும் அம்பு ஒன்று இருக்கும். அம்பே இல்லையென்றால் அமெரிக்கா, ஜெர்மனி போல வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்ததாக இருக்கும். அதன் லோ பீம் சாலையோரத்தைக் காட்டாமல் எதிரே வருகிறவரின் கண்ணுக்கே ஏறும். நீல விளக்குக்கும் காரணம் உண்டு. பழைய ஜப்பான் காடிகள் பலவற்றில் லைட்டுக்கு பிளஸ் எப்போதும் நேராக வந்து நிற்கும், சுவிட்ச் எர்த்தைத்தான் வெட்டிச் சேர்க்கும். எல்இடி லைட்டோ எர்த் எப்போதும் சேர்ந்தே இருக்கும், பிளஸைத்தான் வெட்டுவார்கள் என்று நினைத்துச் செய்யப்பட்டது. நடுவில் அதற்கான அடாப்டர் போட்டால் சரியாகிவிடும்.

ஜெலுத்தோங் தம்பிக்கு வருகிறேன். செந்தூல் ரயில்வே பட்டறையில் மின்சார வேலை பார்த்தவன் நான். பல்பைத் திட்டுவதற்கு முன் வயரைப் பார் என்றுதான் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். மைனரில் பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் டாஷ்போர்டு சுவிட்சுக்கு வந்து, ஹை பீம், லோ பீம் மாற்றக் காலால் மிதிக்கிற டிப் சுவிட்சுக்கு இறங்கி, மறுபடி முன்னால் ஓடி, புல்லட் கனெக்டர்கள் எனும் வயர் மூட்டுகளைத் தாண்டி லைட்டைத் தொடுகிறது. நடுவில் ரிலே கிடையாது, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச் கிடையாது. ஃபியூஸ்கூடக் கிடையாது. காடியில் இருக்கிற இரண்டு ஃபியூஸும் வேறு வேலைக்கு. இத்தனை வருடத் துரு ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் வோல்ட்டைத் தின்றுவிடும். ஹாலஜன் பல்புக்கு வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். உங்கள் காடியில் பல்ப் கெட்டுப்போகவில்லை, பட்டினி கிடக்கிறது என்பது என் கணிப்பு.

எச்4 எல்இடி பல்பை நான் சிபாரிசு செய்யமாட்டேன். எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். லோ பீம் இழைக்கு அடியில் சின்னத் தகரக் கிண்ணம் ஒன்று இருக்கும். லைட்டின் கீழ்ப்பாதியில் பட்டு மேலே எகிறப் போகும் வெளிச்சத்தை மறைப்பது அதுதான். இழையின் நீளம் 5 மில்லிமீட்டர் போலத்தான். அந்த இடத்தில், அந்த அளவில் எரிந்தால்தான் கண்ணாடியின் கோடுகள் சரியாக வேலை செய்யும். எல்இடி பல்பில் சில்லு தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். இடம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வெளிச்சம் மரத்துக்கும் வானத்துக்கும் போகும், சாலைக்கு வராது. காடிக்கு முன்னால் பத்தடி மட்டும் பளீரென்று இருக்கும், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

முழு எல்இடி லைட் நல்லதாகக் கிடைத்தால் போடலாம், அதில் ஒரு லாபமும் உண்டு. உங்கள் டைனமோ லூக்கஸ் சி40 என்றால் முழு வேகத்தில் 22 ஆம்ப் தரும், சிக்னலில் நிற்கும்போது ஒன்றும் தராது. லோ பீமில் 55 வாட் பல்ப் இரண்டுக்கும் 9 ஆம்ப். எல்இடி என்றால் அதில் பாதி போதும். ஆனால் பாசிட்டிவ் எர்த் காடியில் அதை அப்படியே சொருகினால் பிளஸ் மைனஸ் தலைகீழாகிவிடும். எரியாமல் போனால் நல்ல காலம், உள்ளிருக்கும் டிரைவர் என்கிற மின்னணுச் சுற்று புகைந்தால் கெட்ட காலம். லைட்டின் உலோக உடல் மைனஸோடு சேர்ந்திருந்து, அது மட்கார்டுக்குள் இருக்கும் கிண்ணத்தில் உரசினால் நேராக ஷார்ட். அதனால் முதலில் காடியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். அது செய்யக்கூடிய வேலைதான், டைனமோவுக்கு மறுபடி துருவம் ஏற்ற வேண்டும், இக்னிஷன் காயிலில் வயரை மாற்ற வேண்டும். பின்னால் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் துருத்திக்கொண்டிருக்கும் லைட் மைனர் கிண்ணத்துக்குள் நுழையுமா என்பதையும் அளந்து பார்த்து வாங்குங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மீட்டரை எடுங்கள். இஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, லோ பீம் போட்டு, பேட்டரியில் எவ்வளவு, பல்பின் காலில் எவ்வளவு என்று எழுதி இங்கே போடுங்கள்.

பட்டர்வொர்த் பீட்டில்:

செந்தூல் அண்ணன் சொல்வதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நான் என் பீட்டிலுக்கு எல்இடி லைட் போட்டவள். வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்து போட்ட தர முத்திரையும் அம்புக்குறியும் இருப்பதாகத் தேடி வாங்கினேன், எதிர்க்காடிகள் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் நிறம் வெள்ளை வெளேரென்று 6000 கெல்வின். காய்ந்த சாலையில் அருமை. பினாங்குப் பாலத்தில் கனமழை பிடித்தால் வெளிச்சம் மழைத் துளியிலேயே சிதறி ஒரு திரை விழுந்துவிடுகிறது. அடுத்த முறை வாங்கினால் கொஞ்சம் மஞ்சள் கலந்ததாக 4000 பக்கம் பார்ப்பேன். ஹாலஜன் சூட்டில் காய்ந்துவிடும் ஈரம் எல்இடிக் கண்ணாடியில் அப்படியே நிற்கிறது, அதுவும் ஒரு தொல்லை.

எதைச் செய்தாலும் பழைய ஜோடியைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்குக் காடியை விற்றுப் பெயர் மாற்ற புஸ்பாகோம் வாகனப் பரிசோதனைக்குப் போகும்போது கழற்றி மாட்ட வசதியாக இருக்கும். கண் கூசும் லைட் என்று ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) நிறுத்தினாலும் பழைய காடிக்குச் சலுகை கிடையாது.

ஜெலுத்தோங் மைனர்:

அண்ணே, அளந்துவிட்டேன். பேட்டரியில் 13.4. இடது பல்பில் 11.2, வலது பல்பில் 10.8. டிப் சுவிட்சுக்கு முன்னாலும் பின்னாலும் வைத்துப் பார்த்தேன், அங்கேயே ஒரு வோல்ட் போகிறது. கால்மிதிக்குக் கீழே ஈரம் வேறு, சுவிட்ச் பச்சை பூத்துக் கிடக்கிறது.

அப்படியென்றால் எல்இடியை இப்போதைக்கு விட்டுவிட்டு ரிலே போடுகிறேன். பாசிட்டிவ் எர்த்துக்கென்று தனி ரிலே இருக்கிறதா? தத்தோ கெராமாட்டில் கேட்ட கடையில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

செந்தூல் பட்டறை:

13.4-இல் கிளம்பி 10.8-இல் வந்து சேர்ந்தால், கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் பாதிதான் கிடைக்கிறது தம்பி.

தனி ரிலே தேவையில்லை, நான்கு கால் சாதாரண ரிலே இரண்டு வாங்குங்கள். 85, 86 கால்களுக்கு இடையில் இருப்பது வெறும் சுருள், எந்தப் பக்கம் பிளஸ் என்று அது பார்க்காது. உள்ளே டையோடு (ஒரு பக்கம் மட்டுமே மின்சாரம் விடும் பாகம்) வைத்த ரிலே மட்டும் வேண்டாம், மூடியில் இருக்கும் படத்திலேயே அதன் குறி தெரியும். 30-க்கு பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து தடித்த வயர், 2.5 சதுர மில்லிமீட்டர். உங்கள் காடியில் அது மைனஸ் முனை, குழம்பிவிடாதீர்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு ரிலேவுக்கும் 15 ஆம்ப் ஃபியூஸ். 87-இலிருந்து லைட்டுக்கு. நீலமும் சிவப்பும் கலந்த பழைய வயர் லோ பீம் ரிலேவை எழுப்பட்டும், நீலமும் வெள்ளையும் ஹை பீம் ரிலேவை. டிப் சுவிட்ச் வழியாக இனி ஓடப்போவது துளி மின்சாரம்தான், ஆனாலும் அந்தப் பச்சையைச் சுரண்டிவிடுங்கள்.

வலது பல்பில் மட்டும் 0.4 கூடுதலாகக் குறைகிறது, அது அநேகமாக எர்த் கோளாறு. எர்த் வயரை மட்கார்டுத் திருகில் நம்பி விடாமல் பேட்டரி வரைக்கும் கொண்டுவாருங்கள். அப்புறம் டயரில் சரியான காற்று வைத்து, யாரையாவது ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்துங்கள். லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, லோ பீமின் மேல்விளிம்பு அந்தக் குறிக்கு மூன்று இஞ்ச் கீழே விழும்படி மேலே இருக்கும் திருகைத் திருப்புங்கள். பல்பில் இன்னமும் 12.5-க்குக் கீழே காட்டினால் எந்த மூட்டில் குறைகிறது என்று அளந்து எழுதுங்கள்.