ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: இந்தோ-ஜெர்மன் வர்த்தக சபை நிகழ்ச்சிகளுக்குப் போகும் முன்

வேலைக்காகவோ குடும்பத்தோடு சேர்ந்து வாழவோ ஜெர்மனிக்கு வந்திருக்கும் நம்மவர்கள் பலர், இந்தோ-ஜெர்மன் வர்த்தக சபை நடத்தும் கருத்தரங்குகளுக்கும் மாலைநேர விருந்துகளுக்கும் போகலாமா, போனால் வேலை கிடைக்குமா என்று தொடர்ந்து கேட்டு வருகிறீர்கள். தாராளமாகப் போகலாம் என்பதே என் பதில். ஆனால் அந்தச் சபை யாருக்காக இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போனால்தான் அந்த மாலைப்பொழுது பயன்படும்.

1956-இல் தொடங்கப்பட்ட இந்தச் சபையின் தலைமையகம் மும்பையில் இருக்கிறது. சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களிலும், ஜெர்மனியில் டியூசல்டார்ஃபிலும் அதற்கு அலுவலகங்கள் உண்டு. உலகெங்கும் உள்ள ஜெர்மானிய வெளிநாட்டு வர்த்தக சபைகளின் வலையமைப்பில் இதுவும் ஒன்று. இந்தியாவில் கால்பதிக்க நினைக்கும் ஜெர்மானிய நிறுவனத்துக்குக் கூட்டாளியைத் தேடித் தருவது, ஜெர்மனியில் சந்தை தேடும் இந்திய நிறுவனத்துக்கு வழிகாட்டுவது, வர்த்தகக் கண்காட்சிகளுக்குக் குழுக்களை அழைத்துச் செல்வது போன்றவையே அதன் அன்றாடப் பணிகள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் நிறுவனங்கள்தாம். ஆகவே அது வேலைவாய்ப்பு அலுவலகமும் அல்ல, தூதரகமும் அல்ல. பாஸ்போர்ட் காரியங்களுக்குப் பெர்லினில் உள்ள தூதரகத்தையோ, ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க், மியூனிக் நகரங்களில் உள்ள துணைத் தூதரகங்களையோதான் நாட வேண்டும்.

பெரும் குழப்பம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஐ.எச்.கே. எனப்படும் தொழில் வர்த்தக சபை உண்டு. நாடு முழுவதும் 79 இருக்கின்றன. இந்தோ-ஜெர்மன் சபையில் சேருவது விருப்பத்தைப் பொறுத்தது, ஐ.எச்.கே. உறுப்பினராவதோ தொழில் நடத்துவோருக்குச் சட்டப்படி கட்டாயம். வேலை பார்த்துக்கொண்டே சிறிய அளவில் இணைய வணிகம் தொடங்கி, நகராட்சியில் தொழிலைப் பதிவு செய்தவருக்குச் சில வாரங்களில் ஐ.எச்.கே.யிலிருந்து கடிதம் வரும். அதை மோசடிக் கடிதம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். வணிகப் பதிவேட்டில் இடம்பெறாத தனிநபருக்கு ஆண்டு லாபம் 5,200 யூரோவைத் தாண்டாவிட்டால் உறுப்பினர் கட்டணம் கிடையாது. எனினும் கடிதத்தில் கேட்கும் விவரங்களை எழுதி அனுப்பியே ஆக வேண்டும். இதற்கெல்லாம் முன்பாக உங்கள் வதிவிட அட்டையையும் அதனுடன் தரப்பட்ட இணைப்புத் தாளையும் எடுத்துப் படியுங்கள். சுயதொழிலுக்கு அனுமதி இல்லை என்று அதில் இருந்தால், வெளிநாட்டவர் அலுவலகத்தின் ஒப்புதல் கிடைக்கும்வரை தொழில் பதிவைத் தள்ளிப் போடுவதே நல்லது. இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விடுவது பின்னாளில் விசா நீட்டிப்பையே பாதிக்கக்கூடும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஐ.டி.ஐ. போன்ற தொழிற்பயிற்சியை இந்தியாவில் முடித்தவர்களுக்கு இன்னொரு செய்தி. ஐ.எச்.கே.க்களின் வரம்புக்குள் வரும் தொழில்களுக்கான வெளிநாட்டுச் சான்றிதழ்களைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் பணியை நியூரன்பர்க்கில் உள்ள ஐ.எச்.கே. ஃபோசா என்ற அமைப்பு செய்கிறது. பல்கலைக்கழகப் பட்டங்களின் மதிப்பீட்டுக்குப் பான் நகரில் உள்ள மைய அலுவலகம் தனியாக இருக்கிறது.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். அழைப்பிதழில் அரங்கு திறக்கும் நேரமும் நிகழ்ச்சி தொடங்கும் நேரமும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால், முதல் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. அறிமுகங்கள் எளிதாக நடப்பது அந்த அரைமணி நேரத்தில்தான். வாசலில் தரும் பெயர் அட்டையில் உங்கள் பெயருக்குக் கீழே நிறுவனத்தின் பெயரும் இருக்கும். அதை அணிந்துகொண்டு நீங்கள் சொல்லும் எதையும் கேட்பவர்கள் நிறுவனத்தின் கருத்தாகவே எடுத்துக்கொள்வார்கள் என்பதால், போகும் முன் மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்கள் நிறுவனம் ஏற்கெனவே உறுப்பினர் என்றால் கட்டணச் சலுகை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வரவேற்புரை, பேச்சு, கலந்துரையாடல் எல்லாம் முடிந்த பிறகு, உயரமான வட்ட மேசைகளைச் சுற்றி நான்கைந்து பேராக நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு பேசுவார்கள். நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே மேசையில் கூடிவிடுகிறோம்; அது மனதுக்கு ஆறுதல் தருகிறது என்பது உண்மைதான். ஆயினும் தெரியாதவர்கள் நிற்கும் மேசைக்குப் போய், "இங்கே இடம் இருக்கிறதா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டு நின்றால் யாரும் மறுப்பதில்லை. முதல் பேச்சிலேயே வேலை கேட்பதும் சுயவிவரத்தை நீட்டுவதும் எதிராளியைச் சங்கடப்படுத்தும். அவருடைய நிறுவனம் இந்தியாவில் என்ன செய்கிறது, எந்த மாநிலத்தில் ஆலை வைத்திருக்கிறது, அங்கே அவர்களுக்கு எது கடினமாக இருக்கிறது என்று கேளுங்கள். தமிழ்நாட்டின் வாகன உதிரிபாகத் தொழிலையோ, ஓசூர், திருப்பெரும்புதூர் தொழிற்பேட்டைகளையோ நேரில் அறிந்த ஒருவரோடு பேசுவது அவருக்கும் லாபம்தான். நாம் கொடுக்கக்கூடியது அந்த அறிவு.

இசையும் நடனமும் உணவும் கலந்த பண்பாட்டு மாலைகளை நான் இன்னும் கூடுதலாகப் பரிந்துரைக்கிறேன். பதவி பார்க்காமல் பேச்சு நடப்பது அங்கேதான். குறிப்பாக, இன்னும் வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருக்கும் துணைவருக்கு அது முதல் ஜெர்மானிய நட்பைத் தரக்கூடும். இவற்றை நடத்துவது வர்த்தக சபை மட்டுமல்ல. 1953-இல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கப்பட்ட ஜெர்மன்-இந்தியச் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் உள்ளன. அங்கே தனிநபர்களும் உறுப்பினராகலாம். அழைப்பிதழில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால் குடும்பத்தோடு வரலாமா என்பதை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். வர முடியாமல் போனால் அதையும் எழுதித் தெரிவியுங்கள். சொல்லாமல் நின்றுவிடுபவரை அவர்கள் அடுத்த முறை அழைக்கத் தயங்குவார்கள்.

சந்தித்தவர்களுக்கு ஓரிரு நாட்களுக்குள் மூன்று நான்கு வரிகளில் எழுதுங்கள்: எங்கே சந்தித்தீர்கள், எதைப் பற்றிப் பேசினீர்கள், அனுப்புவதாகச் சொன்ன தகவல் எது என்பது போதும். பதில் வராவிட்டால் இன்னொரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.