34 வயசுல அம்மா கூட ஒரே வீட்டுல... இருக்கவா, தனியா போகவா?

மாடிரூம் எழுதியது:

எனக்கு 34, கல்யாணம் ஆகல. எட்டு வருஷம் தனியா இருந்தேன், அப்பா தவறினதுக்கு அப்புறம் அம்மாவை தனியா விட மனசு வராம ரெண்டு வருஷம் முன்னாடி வீட்டுக்கே திரும்பி வந்துட்டேன். அம்மாவுக்கு 66, நல்லா நடமாடறாங்க, பேங்க் வேலைலாம் அவங்களே போய் பாத்துக்கறாங்க. இப்போ யாரு யாரை பாத்துக்கறோம்னே தெரியல. நான் லேட்டா வந்தா முழிச்சு உக்காந்திருக்காங்க, கரண்ட் பில்லை நான் கட்டிட்டா ஒரு நாள் முழுக்க பேச்சு குறைஞ்சிடுது, எனக்கும் சமையலறைக்குள்ள போனாலே விருந்தாளி வீட்டுல இருக்கற மாதிரி இருக்கு. பத்து நிமிஷ நடைல ஒரு சின்ன வீடு பாக்கலாமான்னு யோசிக்கறேன், ஆனா சொன்னா அம்மா உடைஞ்சிடுவாங்களோன்னு பயம். சொந்தக்காரங்கள்ல பாதி பேர் இந்த வயசுலயும் அம்மா கூடவாங்கறாங்க, மீதி பேர் விட்டுட்டு போயிடாதங்கறாங்க. நீங்கள்லாம் எப்படி இருக்கீங்க? வெவ்வேற வயசுக்காரங்க சொன்னா நல்லா இருக்கும்.

கணக்கெடுப்பு எழுதியது:

"இந்த வயசுலயுமா"ன்னு கேக்கறவங்களை விடுங்க. அமெரிக்காவுல 2020 ஜூலைல 18லேருந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல 52% பேர் அப்பா அம்மா வீட்டுலதான் இருந்தாங்கன்னு ப்யூ ஆய்வு மையம் சொல்லுச்சு. அது கொரோனா நேரம்ங்கறதையும் சேத்துதான் பாக்கணும், அதோட அங்க ஹாஸ்டல்ல தங்கி படிக்கற பசங்களையும் அந்த சர்வேல அப்பா அம்மா வீட்டு கணக்குலதான் சேப்பாங்க. ஐரோப்பாவுல 2022 கணக்குப்படி பிள்ளைங்க வீட்டை விட்டு போற சராசரி வயசு பின்லாந்துல 21.3, குரோஷியாவுல 33.4. பன்னெண்டு வருஷ வித்தியாசம். வாடகை, வேலை, வழக்கம் எல்லாம் சேந்து முடிவு பண்ற விஷயத்துக்கு சரியான வயசுன்னு ஒண்ணு எங்க இருக்கு?

நான் வீடு வீடா போய் கணக்கெடுத்த ஆளு. அதுல ரெண்டு முறை உண்டு, ஒரு வீட்டுக்குள்ள இருக்கற எல்லாரையும் ஒண்ணா எண்றது ஒண்ணு, சாப்பாடும் செலவும் பொதுவா பாக்கறவங்களை மட்டும் ஒரு குடித்தனமா எண்றது இன்னொண்ணு. ரெண்டாவது முறைல பாத்தா ஒரே கூரைக்கு கீழ ரெண்டு குடித்தனம் இருக்கலாம். உங்க வீட்டுல அதான் பாதி நடந்து பாதில நிக்குதுன்னு தோணுது. வீடு மாறுறதுக்கு முன்னாடி செலவையும் அடுப்பையும் யாரு யாருதுன்னு பேசி பாருங்க.

தனிவீட்டுக்காரி எழுதியது:

எனக்கு 71மா. அவர் போய் ஒன்பது வருஷம், தனியாதான் இருக்கேன். பொம்பளைங்க பொதுவா ஆம்பளைங்களை விட அதிக நாள் இருக்கோம், புருஷனும் வயசுல மூத்தவரா இருப்பார், அதனாலதான் எங்க வயசுல தனியா இருக்கறவங்கள்ல பொம்பளைங்க ஜாஸ்தி. மகன் கூப்பிட்டான், நான்தான் போகல. என் சாவி என் கைல இருக்கணும், ராத்திரி எத்தனை மணிக்கு லைட்டை அணைக்கணும்ங்கறது என் இஷ்டமா இருக்கணும். தனியா இருக்கறது வேற, தனிமை வேற, மகன் வீட்டுல போய் தங்கின ஒரு மாசத்துலதான் எனக்கு தனிமைன்னா என்னன்னே தெரிஞ்சது, எல்லாரும் வேலைக்கு போயிடுவாங்க, தெரிஞ்ச முகம் ஒண்ணு கிடையாது.

1960கள்லயே வியன்னாவுல ரோசன்மைர், கோக்கெய்ஸ்னு ரெண்டு பேர் வயசானவங்களை ஆராய்ஞ்சு "தூரத்துல இருந்தே நெருக்கம்"னு இதுக்கு ஒரு பேரே வச்சாங்க. பிள்ளைங்க பக்கத்துல வேணும், ஆனா அதே வீட்டுக்குள்ள வேணாம். படிச்சப்போ என்னையே எழுதின மாதிரி இருந்துச்சு. அம்மா உடைஞ்சிடுவாங்கன்னு நீயா முடிவு பண்ணாதமா, கேளு.

நடுவுல இருக்கறவன் எழுதியது:

47 வயசு, 79 வயசு அப்பா, 20 வயசு பையன், எல்லாரும் ஒரே வீடு. மேல அம்மா சொன்னது சரிதான், ஆனா நல்லா இருக்கற வரைக்கும். எங்கப்பா பாத்ரூம்ல விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்ச அன்னிக்குதான் நாங்க பேசவே ஆரம்பிச்சோம், அதுக்குள்ள பேச நேரமே இல்லாம போச்சு. அவசரத்துல அவர் சாமான்ல முக்காவாசியை நானே தூக்கி போட்டுட்டு கூட்டிட்டு வந்தேன், அதை இன்னிக்கும் நெனச்சா நெஞ்சு அடைக்குது. அவர் கேக்கவே இல்ல, ஆனா முதல் ஆறு மாசம் ஹால்ல உக்காரவே மாட்டார். அவர் ரூம்ல ஒரு சின்ன அடுப்பும் கதவுக்கு உள்பூட்டும் வச்சு, அவரை பாக்க வர்றவங்களுக்கு அவரே டீ போட்டு குடுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் மனுஷன் பழையபடி ஆனார். நீங்க எந்த வீட்டுக்கு போனாலும் சரி, விழுந்தா யாரு வர்றது, மாத்திரை கணக்கு யாருக்கு தெரியும், இதை இப்பவே பேசிடுங்க.

மாடிரூம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, நேத்து ராத்திரி கேட்டுட்டேன். அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் சொன்னாங்க, "நீ இருக்கியேன்னுதான் இவ்ளோ பெரிய வீட்டை பெருக்கிட்டு கிடக்கேன், இல்லேன்னா போன வருஷமே ஒரு ரூம் வீட்டுக்கு போயிருப்பேன்." நான் அவங்களுக்காக இருக்கேன்னு நெனச்சுட்டு இருந்தேன், அவங்க எனக்காக இருந்திருக்காங்க. அழுதுட்டேன். இப்போ ஒரே கட்டடத்துல ரெண்டு சின்ன வீடு தேடறோம், அம்மாவுக்கு கீழ்தளம். பாத்ரூம்ல கைப்பிடி எங்கெங்க வைக்கணும்னு அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.