சி டிரைவ் சிவப்பாகிவிட்டது: உங்கள் கணினியில் இடத்தைத் தின்றது எது?

எம்.சி.ரோடு கணக்குப்பிள்ளை:
தீபாவளி வியாபாரம் நடக்கும்போது ஜவுளிக்கடை பில்லிங் கணினியில் சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டினால் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரீசைக்கிள் பின், என் டெம்ப் ஃபோல்டர் எல்லாம் காலி செய்தேன். மதியம் கிடைத்த இடம் சாயங்காலம் மறுபடி நிரம்பிவிடும். எல்லா ஃபோல்டரையும் மொத்தமாகப் பிடித்து ப்ராபர்ட்டீஸ் பார்த்தால் 60 ஜிபி சொச்சம். டிரைவோ 110 ஜிபி போய்விட்டது என்கிறது. மீதி எங்கே? அந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை.

கடை மூடியபிறகு விண்டிர்ஸ்டாட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தேன். எந்த ஃபைல் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கட்டம் கட்டமாகக் காட்டும் மென்பொருள் அது, பெரிய ஃபைலுக்குப் பெரிய கட்டம். திரையில் பாதி, ஒரே நிறத்தில் ஒரே அளவுக் கட்டங்கள். அதை இன்னும் மறக்க முடியவில்லை. எல்லாம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்னொரு டெம்ப்பில்! 'கேப்' என்று பெயர் தொடங்கும் ஃபைல்கள், ஒவ்வொன்றும் 100 எம்பிக்கு மேல். சாதாரணமாகப் பார்த்தால் அந்த ஃபோல்டருக்குள் போக அனுமதி இல்லை, அதனால்தான் கூட்டலில் வரவில்லை.

விண்டோஸ் அப்டேட் நடக்கும்போது சிபிஎஸ் என்றொரு லாக், அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் ஃபைல், எழுதப்படும். அது பெருத்ததும் மேக்கேப் என்ற நிரல் சுருக்கி வைக்கும். லாக் 2 ஜிபியைத் தாண்டிவிட்டால் அதனால் சுருக்க முடியாது. அரைகுறை ஃபைலை டெம்ப்பில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே கேப் ஃபைலை மட்டும் அழித்துப் பயனில்லை. விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் சர்வீஸை நிறுத்தி, அந்தப் பெரிய லாகையும் அழித்தபிறகுதான் நின்றது.

காசிமேடு ஸ்டுடியோ:
எனக்கு நடந்தது வேறு மாதிரி. கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் ஓடுகிறது, பெண் வீட்டார் பென்டிரைவோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். முடியப் போகும் நேரத்தில் 'இடமில்லை' என்று நின்றுவிட்டது. பெண்ணின் அப்பா என் முகத்தையே பார்த்தார். அவரிடம் என்ன சொல்வது?

தேடிப்பார்த்தால் ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் எடிட்டிங் மென்பொருளின் மீடியா கேஷ், அதாவது வேகத்துக்காக அது தானே எழுதி வைத்துக்கொள்ளும் தற்காலிக ஃபைல்கள். எப்போதோ முடித்து, ஒரிஜினலையே அழித்துவிட்ட கல்யாணங்களின் கேஷ் எல்லாம் அப்படியே. ப்ராஜெக்ட்டை அழித்தால் அதுவும் போய்விடும் என்று யாரும் நினைப்பார்கள், போகாது. இப்போது கேஷை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.

திருவொற்றியூர் சர்வீஸ்:
எம்.சி.ரோடு அண்ணா, விண்டிர்ஸ்டாட் நல்லதுதான், ஆனால் கடையில் வாடிக்கையாளர் நிற்கும்போது அதே வேலையை வேகமாகச் செய்யும் விஸ்ட்ரீதான் சரி. விண்டிர்ஸ்டாட் வழக்கமாக ஒவ்வொரு ஃபோல்டராக ஏறி இறங்கிப் பார்க்கும். விஸ்ட்ரீ, விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வகை டிரைவில், எல்லா ஃபைல்களின் பட்டியலான எம்எஃப்டியை நேராகப் படித்துவிடும். வீட்டைச் சுற்றிப் பார்க்காமல் பத்திரத்தை வாங்கிப் படிப்பதுபோல.

என் அனுபவம் சின்னது. ஒரு மாணவியின் லேப்டாப், சி டிரைவில் இடமே இல்லை, வேறொரு இடத்தில் 'புது டிஸ்க் போடணும்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். திறந்தால் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டர், அதாவது புது விண்டோஸுக்கு மாறும்போது எடுத்து வைக்கப்படும் பழைய விண்டோஸ், அப்படியே இருக்கிறது. 10 நாளில் தானாகப் போக வேண்டியது, ஏனோ போகவில்லை. டிஸ்க் கிளீனப்பில் ஒரு டிக். அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இன்னும் சில விஷயம். விண்டோஸ் தன் சொந்த பாகங்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைக் கையால் அழிக்காதீர்கள். அதிலுள்ள பல ஃபைல்கள் ஹார்டு லிங்க், அதாவது ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் பெயர் போட்டுக்கொண்டு இருக்கிறது. எக்ஸ்ப்ளோரர் இரண்டு முறை எண்ணிவிடும். நிஜ அளவு தெரிய விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்ம் கட்டளையில் அனலைஸ் செய்ய வேண்டும். அப்புறம் ஹைபர்ஃபில்.சிஸ். ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் சேமித்துவிட்டுக் கணினி அணையும்போது, பயன்படும் ஃபைல் அது. வழக்கமாக ராமில் 40 சதவீதம் பிடிக்கும், 16 ஜிபி ராம் என்றால் 6 ஜிபிக்கு மேல். எல்லோரும் ஹைபர்னேட்டை நிறுத்திவிடுங்கள், யாருக்கும் அது தேவையில்லை.

எண்ணூர்:
திருவொற்றியூர் நண்பரே, கடைசி வரியை ஏற்க முடியாது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரன்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் பேட்டரி குறைந்ததும் கணினி தானாக ஹைபர்னேட் ஆகும்படி வைத்திருக்கிறேன். நடு ராத்திரியில் மின்சாரம் போய், காலையில் திறந்தபோது என் மகளின் பாதி எழுதிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட் விட்ட இடத்தில் அப்படியே நின்றது. அந்த 6 ஜிபிக்கு நான் அழுதுகொண்டிருக்க மாட்டேன். தவிர, ஹைபர்னேட்டை நிறுத்தினால், கணினியைச் சீக்கிரம் திறக்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து போகும். பழைய ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய வித்தியாசம்.

பெரம்பூர் கோச் ஃபேக்டரி (ஓய்வு):
விண்டிர்ஸ்டாட்டில் கட்டம் கட்டமாகக் காட்டும் இந்த முறை பிறந்ததே டிஸ்க் நிரம்பியதால்தான். 1990-இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வகத்தில் 80 எம்பி டிஸ்க் ஒன்றை 14 பேர் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாமல் அங்கிருந்த பேராசிரியர் பென் ஷ்னைடர்மேன் யோசித்த வழிதான் ட்ரீமேப் என்ற இந்தக் கட்டப் படம். எனக்கு அவரிடம் தனி மரியாதை உண்டு.

என் தங்கையின் கணினியை ஃபார்மட் செய்துவிடலாம் என்று அவள் மகன் உட்கார்ந்துவிட்டான். 'பொறுடா, முதலில் என்ன இருக்கிறதென்று பார்ப்போம்' என்றேன். எல்லாவற்றிலும் பெரிய கட்டம் பழைய ஐபோனின் பேக்கப். அந்த போன் எப்போதோ உடைந்துபோனது, அவள் கணவருடையது. அவர் இப்போது இல்லை. படங்கள், குரல் பதிவுகள் எல்லாம் அதற்குள். பையன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். பேக்கப்பை வெளி டிஸ்க்கில் இரண்டு பிரதி எடுத்தோம்.

பெரிதாக இருப்பதெல்லாம் குப்பை என்று கிளீனர் மென்பொருள்களை ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

வியாசர்பாடி மாணவன்:
எம்.சி.ரோடு அண்ணன் சொன்ன அதே கூட்டல் கணக்கு லினக்ஸிலும் வரும். எங்கள் கல்லூரி லேப் சர்வரில், டிஸ்க் மொத்தம் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் டிஎஃப் கட்டளை அடித்தால் 100 சதவீதம், ஃபைல்களைக் கூட்டிச் சொல்லும் டியு அடித்தால் பாதிகூட இல்லை. லேப் சார் ஏற்கெனவே பெரிய லாக் ஒன்றை அழித்திருந்தார், இடம் திரும்பவில்லை. சீனியர் அக்கா ஒருத்தர் வந்து, திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் அடித்தார். பட்டியலில் அதே லாகின் பெயர், பக்கத்தில் 'டெலிட்டட்'. ஒரு சர்வீஸ் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. மூடும்வரை இடம் விடுபடாது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் டிஎஃப் எண் சடாரென்று இறங்கியது. லேப் முழுக்கக் கைதட்டல்.

கொடுங்கையூர்:
புது 500 ஜிபி டிஸ்க்கில் 465 தான் காட்டுகிறது. இதையும் ஏதாவது ஃபைல் பிடித்திருக்குமா?

திருவொற்றியூர் சர்வீஸ்:
இல்லை சார், அது கணக்கு வித்தியாசம். தயாரிப்பாளர் 1000-ஆல் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. எண்ணூர் அண்ணா, யுபிஎஸ் விஷயம் சரிதான், எடுத்துக்கொள்கிறேன். லேப்டாப்பில் ஹைபர்னேட் வேண்டாம், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மட்டும் போதும் என்பவர்கள் அந்த ஃபைலைச் சிறிதாக்கவும் வழி இருக்கிறது, விண்டோஸின் பவர்சிஎஃப்ஜி கட்டளையில் 'ரெட்யூஸ்ட்' என்று கொடுத்தால் பாதியாகிவிடும்.